பென் டிரைவைக் கழற்றும் முன் கணினிக்குள் நடப்பவை

யூ.எஸ்.பி. என்னும் இணைப்புமுறை, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவிகளைச் செருகவும் கழற்றவும் இடம் தர வேண்டும் என்ற நோக்கத்துடனேயே வகுக்கப்பட்டது. அதற்கு முன்பு அச்சுப்பொறிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று எனக் கணினியின் முதுகில் வெவ்வேறு வடிவத் துளைகள் இருந்தன. அவற்றுள் பலவற்றில் ஒரு கருவியைப் புதிதாக இணைத்தால், கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகே அது வேலை செய்யும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் சேர்ந்து 1996 ஜனவரியில் வெளியிட்ட முதல் யூ.எஸ்.பி. விதித்தொகுப்பு இந்தத் தொல்லை தீர வழி செய்தது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட், அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர்.

கழற்றப்படுவதை எதிர்பார்த்தே அந்தச் செருகி செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு அதன் உலோகப் பட்டைகளே சான்று. பழக்கமான செவ்வக வடிவச் செருகியின் உள்ளே 4 பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஓரங்களில் உள்ள இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கும் அதன் திரும்புவழிக்கும் உரியவை, நடுவில் உள்ள இரண்டும் தரவு செல்லும் வழிகள். ஓரப் பட்டைகள் நடுப் பட்டைகளைவிட ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமானவை என்பதால், செருகும்போது முதலில் மின்சாரம் கிடைத்துப் பின்னரே தரவுவழி இணைகிறது. கழற்றும்போது தரவுவழி முதலில் துண்டிக்கப்பட்டு மின்சாரம் கடைசியாக விலகுகிறது. ஆகவே ஓடும் கணினியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினால் கணினியின் மின்சுற்று எரிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி போன்றவற்றை எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கழற்றலாம். அவற்றில் கோப்புகள் எவையும் குடியிருப்பதில்லை. சிக்கல் முழுவதும் சேமிப்புக் கருவிகளைப் பற்றியது. கணினி ‘முடிந்தது’ என்று சொல்லும் நேரத்துக்கும் வேலை உண்மையில் முடியும் நேரத்துக்கும் இடையே விழும் இடைவெளியைப் பற்றியது.

ஒரு கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்படி பயனர் ஆணையிடும்போது, கணினியின் வன்பொருள் அனைத்தையும் மேலாளும் மென்பொருளாகிய இயங்குதளம் அந்தத் தரவை நேராகப் பென் டிரைவில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் அதைத் தன் முதன்மை நினைவகத்தின் ஒரு பகுதியில் வைத்துக்கொள்ளலாம். இப்பகுதிக்குக் ‘கேஷ்’ என்று பெயர். முதன்மை நினைவகம் விநாடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் வேகத்தில் எழுதவல்லது; விலை மலிவான பென் டிரைவோ விநாடிக்கு 10 மெகாபைட் எழுதவே திணறும். மெதுவான கருவிக்காக வேகமான கணினி காத்துக் கிடக்க வேண்டாம் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. வாடிக்கையாளர் கூட்டம் நிற்கும் நேரத்தில் கடைக்காரர் விற்பனையைச் சிட்டையில் குறித்து வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபின் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது. சிட்டையில் உள்ளது பேரேட்டில் ஏறும்வரை கணக்கு முடிந்ததாகாது. கணினியோ சிட்டையில் எழுதிய கணத்திலேயே, எழுதி முடிந்ததாக நிரலிடம் தெரிவித்துவிடுகிறது.

இந்த இடைவெளி எவ்வளவு நீளக்கூடும் என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பு தெளிவாகக் காட்டும். கேஷில் மாற்றம் பெற்று, ஆனால் கருவிக்கு இன்னும் போய்ச்சேராத நினைவகப் பகுதிகளை அதில் ‘டர்ட்டி பேஜ்’, அதாவது அழுக்குப் பக்கம் என்பார்கள். 5 விநாடிக்கு ஒருமுறை விழித்தெழும் பின்னணிப் பணி ஒன்று, 30 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்ட அழுக்குப் பக்கங்களைக் கருவிக்கு அனுப்பத் தொடங்குகிறது. அவற்றின் மொத்த அளவு, பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கு முன்பே அனுப்பத் தொடங்கிவிடும். 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 1 ஜிகாபைட் திரைப்படக் கோப்பு ஒன்று இந்த வரம்புக்குள் முழுவதுமாக அடங்கிவிடக்கூடும் என்பதால், திரையில் நகலெடுப்புப் பட்டை சில விநாடிகளிலேயே நிறைந்து மறைந்துவிடும். அதே கோப்பு விநாடிக்கு 10 மெகாபைட் வேகமுள்ள பென் டிரைவில் உண்மையாக எழுதப்பட ஏறக்குறைய 100 விநாடி ஆகும். பட்டை மறைந்த உடனே பென் டிரைவை உருவுபவர், பெயர் இருந்தும் உள்ளீடு இல்லாத ஒரு கோப்பைக் கொண்டுபோக நேரிடலாம். லினக்ஸில் ‘எஜெக்ட்’, அதாவது கருவியை வெளியேற்றும் கட்டளை கொடுத்த பின் கணினி ஒரு நிமிடத்துக்கும் மேலாக வாய் திறவாமல் இருப்பதைக் கண்டு, அது நின்றுவிட்டது என்று கருதிப் பிடுங்குபவர்கள் உண்டு. எழுதும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும் நேரமே அதுதான்.

இதில் முழுப் பழியையும் பயனர் மீது போடுவது நியாயமன்று. முடியாத வேலையை முடிந்ததாக அறிவித்தது இயந்திரம். அந்த அறிவிப்பை நம்பியதைத் தவிர அவர் வேறு பிழை செய்யவில்லை. இந்தத் தவறு பழையது. 1993இல் வெளியான எம்.எஸ்.-டாஸ் 6 இயங்குதளத்தில் ‘ஸ்மார்ட் டிரைவ்’ என்ற கேஷ் நிரல் இருந்தது. அது தரவைத் தன்னிடம் சற்று நேரம் வைத்திருந்து பிறகு வட்டில் எழுதியது. கட்டளைக்காகக் காத்திருக்கும் குறி திரையில் தோன்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணிக் கணினியை அணைத்தவர்கள் தரவை இழந்தார்கள். அதையடுத்து வந்த 6.2 பதிப்பில், கேஷில் இருப்பது வட்டில் எழுதப்படும்வரை அந்தக் குறியே தோன்றாதபடி மாற்றப்பட்டது. பயனருக்கு அறிவுரை சொல்வதைவிட அறிவிப்பின் நேரத்தைத் திருத்துவதே சரி என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து விண்டோஸ் 10இன் 1809 என்ற 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், வெளிச் சேமிப்புக் கருவிகளுக்கான இயல்புநிலை ‘குயிக் ரிமூவல்’, அதாவது விரைவாக அகற்றும் நிலை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்நிலையில் விண்டோஸ் தரவைத் தன் கேஷில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் கருவிக்கு அனுப்புவதால், வேகம் சற்றுக் குறைந்தாலும், நகலெடுப்புப் பட்டை சொல்வது பெரும்பாலும் உண்மையாகிறது. ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற மற்றொரு நிலையைத் தேர்ந்தெடுத்தால் கேஷ் பயன்படுத்தப்படும். அப்போது முறையாக அகற்றுவது கட்டாயமாகிறது. கருவியின் பண்புகளைக் காட்டும் சாளரத்தில் ‘பாலிசீஸ்’ என்ற பகுதியைத் திறந்தால், எந்த நிலை நடப்பில் உள்ளது என்பது தெரியும். இந்த அறிவிப்பு, இனிப் பென் டிரைவை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்பதுபோலப் பலரால் புரிந்துகொள்ளப்பட்டது. அது தவறு. எழுதுதல் நடந்துகொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த நிலையும் காப்பதில்லை. எழுதுதல் எப்போது நடக்கிறது என்பதும் வெளிப்பார்வைக்கு எப்போதும் தெரிவதில்லை.

நடுவில் பிடுங்கப்பட்டால் அப்போது எழுதப்பட்ட கோப்பு மட்டும்தானே கெடும் என்று தோன்றலாம். அதைவிடப் பெரிய இழப்பும் நேர்வது ஏன் என்பதற்குக் கோப்பு முறைமையைப் பார்க்க வேண்டும். கோப்பு முறைமை என்பது எந்தக் கோப்பு சேமிப்பகத்தில் எங்கெங்கே கிடக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் ஒழுங்கு. பென் டிரைவ்களில் பெரும்பாலும் உள்ளவை ‘ஃபாட்32’, ‘எக்ஸ்ஃபாட்’ என்னும் இரண்டு. முன்னது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1977 வாக்கில் நெகிழ்வட்டுகளுக்காக உருவாக்கிய எளிய முறையின் வாரிசாக 1996இல் வந்தது; பின்னது 2006இல் வந்தது. இவற்றில் சேமிப்பகம் ‘கிளஸ்டர்’ எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

ஃபாட்32 முறையில் ஒவ்வொரு கிளஸ்டரும் 16 கிலோபைட் என்று கொண்டால், 40 கிலோபைட் அளவுள்ள ஒரு கடிதத்துக்கு 3 கிளஸ்டர்கள் வேண்டும். அவை 501, 502, 503 என்ற எண்ணுடையவை என்று வைத்துக்கொள்ளலாம். கோப்புறையில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு, கோப்பின் பெயரையும் அளவையும் அது 501இல் தொடங்குகிறது என்பதையும் சொல்லும். அடுத்த துண்டு எது என்பதைச் சொல்ல ஓர் அட்டவணை உண்டு: அதில் 501ஆம் கட்டத்தில் 502 என்றும், 502ஆம் கட்டத்தில் 503 என்றும், 503ஆம் கட்டத்தில் ‘இத்துடன் முடிகிறது’ என்ற குறியும் எழுதப்பட்டிருக்கும். ஆக, ஒரு கடிதத்தைச் சேமிக்க உள்ளடக்கம், அட்டவணை, கோப்புறைப் பதிவு என்ற 3 வெவ்வேறு இடங்களில் எழுத வேண்டும். அட்டவணைக்குப் பாதுகாப்பாக ஒரு நகல் வைப்பது வழக்கமாதலால் அதிலும் எழுத வேண்டும். இவை எல்லாம் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல.

உள்ளடக்கமும் அட்டவணையும் எழுதப்பட்டுக் கோப்புறைப் பதிவு எழுதப்படும் முன் கருவி பிடுங்கப்பட்டால், கடிதம் பென் டிரைவில் இருக்கும். அதற்குப் பெயர் இருக்காது. விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ நிரல் இத்தகைய அநாதைத் துண்டுகளைத்தான் ஃபவுண்ட்.000 என்ற கோப்புறையில், சி.எச்.கே. என்று முடியும் பெயர்களில் சேர்த்து வைக்கிறது. கோப்புறைப் பதிவு மட்டும் முதலில் எழுதப்பட்டிருந்தால், பெயர் தெரியும், அளவு 0 என்று காட்டும். அல்லது அளவு சரியாக இருந்தும், திறந்து பார்த்தால் அந்த இடத்தில் முன்பு இருந்த வேறு ஏதோ கோப்பின் மிச்சம் தெரியும். அட்டவணையே சிதைந்தால் நிலைமை இன்னும் மோசம். அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் 4 பைட். வட்டில் எழுதும் மரபான அலகாகிய 512 பைட் பிரிவு ஒன்றில் 128 கட்டங்கள் அடங்கும். ஒரு பிரிவு கெட்டால் 128 கிளஸ்டர்களுக்கு, அதாவது 2 மெகாபைட் தரவுக்கு, வழிகாட்டி இல்லாமல் போகிறது. அந்த 2 மெகாபைட்டில் இருப்பவை அப்போது நகலெடுத்த கடிதத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாணப் படங்களாக இருக்கலாம். கோப்புறைப் பதிவுகள் உள்ள கிளஸ்டர் கெட்டால் ஒரு கோப்புறை முழுவதும் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, பிறகே உரிய இடத்தில் செய்யும் முறைமைகளும் உண்டு. இடையில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து அவை தம்மைச் சீர்செய்துகொள்ளும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆகியவை அத்தகையவை. அவற்றைப் பென் டிரைவில் வைக்கத் தடை ஏதும் இல்லை. எனினும் தொலைக்காட்சிப் பெட்டி, கார் ஸ்டீரியோ, அச்சுக்கடைக் கருவி என எங்கே செருகினாலும் படிக்கப்பட வேண்டும் என்ற தேவை, எல்லாக் கருவிகளுக்கும் தெரிந்த ஃபாட் குடும்பத்தையே நிலைக்க வைத்திருக்கிறது. அடிக்கடி பிடுங்கப்படும் கருவியில்தான் பிடுங்கலைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்த முறைமை அமர்ந்திருக்கிறது என்பது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

இதுவரை சொன்னது கணினியின் பக்கம். பென் டிரைவுக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. அதன் உள்ளே இருப்பது, ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த ‘நேண்ட் ஃப்ளாஷ்’ என்னும் நினைவகம். மின்சாரம் இல்லாதபோதும் மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் நுண் அறைகளால் ஆனது அது. அதில் எழுதும் அலகு ‘பக்கம்’. ஒரு பக்கம் இன்று பெரும்பாலும் 4 முதல் 16 கிலோபைட் வரை இருக்கும். அழிக்கும் அலகோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ‘தொகுதி’. எழுதிய பக்கத்தின் மேல் மீண்டும் எழுத முடியாது. தொகுதி முழுவதையும் அழித்த பிறகே எழுத முடியும். எனவே ஒரு சிறிய திருத்தம் வந்தாலும், பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய பக்கத்தை வேறோர் இடத்தில் எழுதி, எது எங்கே இருக்கிறது என்ற தன் சொந்த வரைபடத்தை மாற்றிக்கொள்கிறது. இடம் குறையும்போது நல்ல பக்கங்களை ஒதுக்கி எடுத்துப் பழைய தொகுதியை அழிக்கிறது. கணினி அறியாத இரண்டாவது கணக்கு ஒன்று இவ்வாறு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. பென் டிரைவின் விளக்கு மின்னுவது நின்றுவிட்டது என்பதால் உள்வேலையும் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரு பக்கத்தை எழுத நூற்றுக்கணக்கான மைக்ரோ விநாடிகளும், ஒரு தொகுதியை அழிக்கச் சில மில்லி விநாடிகளும் ஆகும். 1 மில்லி விநாடி என்பது 1,000 மைக்ரோ விநாடி. செருகியிலிருந்து மின்சாரம் விலகிய பின் கருவி தாக்குப்பிடிக்க வேண்டுமானால், அதற்குள் இருக்கும் மின்தேக்கி கைகொடுக்க வேண்டும். செருகும் கணத்தில் திடீரென அதிக மின்சாரத்தை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக, மின்வழியில் நேரடியாக இணையும் மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட்டுக்கு மிகக் கூடாது என்று யூ.எஸ்.பி. விதி சொல்கிறது. 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு அத்தகைய மின்தேக்கி, மின்னழுத்தம் 1 வோல்ட் குறைவதற்குள் தரக்கூடிய அவகாசம் 100 மைக்ரோ விநாடி மட்டுமே. ஒரு பக்கத்தை எழுதி முடிக்கவே அது போதாது. உள்வரைபடத்தைத் திருத்தும் வேளையில் இது நேர்ந்தால், நல்ல சில்லு பழைய வரைபடத்துக்குத் திரும்பிக்கொள்ளும். மலிவான சில்லு குழம்பிப்போய், அடுத்த முறை செருகும்போது 0 பைட் கொள்ளளவு காட்டுவதும், ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்பதும் உண்டு.

இது மலிவுப் பொருளுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் எச்.பி. ஆய்வகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், அதே ஃப்ளாஷ் நினைவகத்தால் ஆன எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்கள் 15ஐ, எழுதும்போதே திரும்பத் திரும்ப மின்சாரம் துண்டித்துச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் 13 ஏதேனும் ஒரு வகையில் எதிர்பாராத பிழையைக் காட்டின. பென் டிரைவ்கள் அச்சோதனையில் இல்லை. ஆயினும் அவற்றைவிட விலையும் பாதுகாப்பும் மிகுந்த கருவிகளின் நிலையே இது.

சுழலும் தட்டுகள் கொண்ட வெளி ஹார்ட் டிஸ்க்கில் சிக்கல் வேறு வகையானது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் படிப்புமுனை, மின்சாரம் நின்றவுடன் தட்டைத் தொடாமல் ஒதுங்கியாக வேண்டும். சுழற்சியில் எஞ்சிய ஆற்றலையே மின்சாரமாக்கி அது அவசரமாக ஒதுங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இத்தகைய அவசர ஒதுக்கம் முறையான ஒதுக்கத்தைவிட அதிகத் தேய்மானம் தருவது.

முறையாக அகற்றும் ஆணையைத் தரும்போது நடப்பது இவ்வளவையும் தவிர்ப்பதற்கான ஒரு வரிசை. இயங்குதளம் முதலில், அந்தக் கருவியில் கோப்பு திறந்து வைத்திருக்கும் நிரல் ஏதேனும் உண்டா என்று கேட்டறிகிறது. இருந்தால், ‘கருவி பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லி மறுத்துவிடுகிறது. இல்லையெனில் கேஷில் தேங்கியதை எல்லாம் கருவிக்கு அனுப்பி, கருவி தன் சொந்தக் கேஷில் வைத்திருப்பதையும் எழுதி முடிக்கும்படி ஒரு கட்டளை தருகிறது. பின்னர், கோப்பு முறைமை ஒழுங்காக மூடப்பட்டது என்ற ஒற்றைக் குறியை எழுதுகிறது; ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் சுழற்சியை நிறுத்தவும் சொல்கிறது. அந்தக் குறி எழுதப்படாத கருவியை அடுத்த முறை செருகும்போதுதான், ‘இதில் பிழை இருக்கலாம், சோதிக்கவா’ என்று விண்டோஸ் கேட்கிறது. மேக் கணினியிலும் முறையாக வெளியேற்றாமல் கழற்றினால் உடனே எச்சரிக்கை வரும்.

மறுப்பு வரும்போது எரிச்சல் கொள்வது இயல்பு. எனினும் காரணம் பெரும்பாலும் சிறியது. பென் டிரைவிலிருந்தே திறக்கப்பட்ட ஒரு வேர்டு கோப்பு, படங்களின் சிற்றுருவைத் தயாரித்துக்கொண்டிருக்கும் கோப்புறைச் சாளரம், கோப்புகளைத் துழாவும் வைரஸ் தடுப்பு நிரல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். சாளரங்களை மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயன்றால் போதும்; அதற்கும் மசியவில்லை என்றால் கணினியை முழுமையாக நிறுத்திய பின் கழற்றலாம். உறக்கநிலையில் வைத்துவிட்டுக் கழற்றுவது இதற்கு மாற்று அன்று. உறங்கும் கணினி, கருவியின் அட்டவணையைத் தன் நினைவில் இருந்தபடியே நம்பிக்கொண்டிருக்கும். அதற்குள் வேறொரு கணினியில் அந்தப் பென் டிரைவில் மாற்றம் செய்து மீண்டும் செருகினால், பழைய நினைவு புதிய அட்டவணையின் மேல் எழுதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு.

ஜெராக்ஸ் கடையில் ஒரு சான்றிதழை அச்செடுப்பது போல, படிக்க மட்டுமே செருகிய பென் டிரைவையும் முறையாக அகற்றுவது தேவையா என்ற கேள்வி எழலாம். ஆபத்து மிகக் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. கோப்பை யாரும் திருத்தாவிட்டாலும், விண்டோஸ் தன் மறைவுக் கோப்புறையை அதில் உருவாக்குவதும், மேக் கணினி தன் தேடல் அட்டவணையை எழுதுவதும், கடைசியாகத் திறந்த தேதி பதியப்படுவதும் பயனர் கேளாமலே நடப்பவை. இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்தக் கவலை பெரிதும் இல்லை. அவை தம் சேமிப்பகத்தைக் கணினியிடம் ஒப்படைக்காமல், கணினி கேட்கும் கோப்பைத் தாமே எடுத்துக் கொடுப்பதால், கேபிளைப் பிடுங்கினால் பரிமாற்றத்தில் இருந்த கோப்பு மட்டுமே குறைபடும்.

அவசரத்தில் பிடுங்கி, அடுத்த முறை செருகும்போது கோப்புகள் காணாமல் போயிருந்தால், கணினி முன்வைக்கும் ‘சரிசெய்’ பொத்தானை உடனே அழுத்தக் கூடாது. பழுதுநீக்கும் நிரலின் கடமை அட்டவணையை முரண்பாடின்றி ஆக்குவது. தரவை மீட்பது அதன் வேலையன்று. முரண்படும் துண்டுகளை அது வெட்டி எறியவும் கூடும். முதலில், படிக்க முடிகிற கோப்புகள் அனைத்தையும் வேறு கருவிக்கு நகலெடுத்துக்கொண்டு, இயலுமானால் முழுக் கருவியின் பிம்பத்தையும் எடுத்து வைத்த பிறகே பழுதுநீக்கத்துக்கு அனுமதி தர வேண்டும். காணாமல் போன கோப்பு மீட்கப்படும்வரை அந்தப் பென் டிரைவில் புதிதாக எதையும் எழுதக் கூடாது.